களத்தில் அளந்த பங்கும் கணக்கில் ஏறாத ஊதியமும்

கரிசல் சீமையின் களத்துமேட்டிற்கென ஒரு நடைமுறை இருந்தது. கம்பையும் சோளத்தையும் அடித்துத் தூற்றிப் பொலியாகக் குவித்த உடனே சம்சாரி தம் வண்டியைப் பூட்டிவிட இயலாது. ஆண்டு முழுவதும் அவருக்காக உழைத்தவர்கள் களத்தைச் சுற்றி வந்து நிற்பார்கள். கலப்பை செய்த தச்சர், கொழு அடித்த கொல்லர், துணி வெளுத்தவர், முடி மழித்தவர் என ஒவ்வொருவருக்கும் அவரவருக்குரிய 'சுதந்திரம்' அளக்கப்பட்டாக வேண்டும். அந்த வரிசையில் ஒரு பெண்ணும் இருந்தார். நாவிதர் வீட்டு அம்மாளே பல ஊர்களில் மருத்துவச்சி. ஊரில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியை அறுத்த கை அவருடையது. அவருக்குரிய தானியம் அவர் மடியில் விழுந்த பிறகே பொலி வீட்டுக்குப் போகும். எஞ்சியதற்குத்தான் 'மிச்சம்' என்று பெயர்.

இம்முறையைப் புகழ்ந்து பாடுவது நம் நோக்கமன்று. அதன் அடியில் சாதி இருந்தது. அளப்பவரின் மனம்போல் மரக்கால் தலைதட்டியும் நின்றது, கோபுரம் கட்டியும் நின்றது. வாங்குபவருக்கு மறுகேள்வி கேட்கும் உரிமை இல்லை. அது ஒழிந்தது நன்மையே. ஆயினும் கணக்கின் வரிசைமுறை பற்றி அக்களம் அறிந்திருந்த ஒன்றை, அதற்குப்பின் வந்த பெரிய பெரிய கணக்கேடுகள் மறந்துவிட்டன என்று நமக்குத் தோன்றுகிறது. உழைத்தவர் பங்கை அளந்தபின் எஞ்சுவதே உபரி. அளக்காமல் வைத்திருப்பதை உபரி என்று எழுதுவது எவ்வகைக் கணக்கு? கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இந்த இடைசெவலில் இருந்துகொண்டு, தமிழகச் செவிலியரின் ஊதிய வரலாற்றை அக்கேள்வியோடு புரட்டிப் பார்க்க விழைகிறோம்.

மருத்துவச்சியின் இடத்தைச் செவிலியர் எடுத்துக்கொண்ட கதை மெல்ல நடந்த ஒன்று. சென்னை மாகாணத்தில் செவிலியரையும் பேறுகால உதவியாளரையும் பதிவுசெய்யும் சட்டம் 1926இல் வந்தது. பயிற்சிக்கு வந்தவர்களோ மிகச் சிலர். பிற ஆடவரின் உடலைத் தொடுவதும், இரத்தமும் மலமும் துடைப்பதும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதும் குலப்பெண்ணுக்கு அடுக்காதவை என்று சமூகம் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. ஒதுக்கிய வேலையை ஏற்றவர்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவப் பெண்களே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி சீர்திருத்தச் சபையாரின் முயற்சி. கத்தோலிக்கத் துறவறத்தாரைப் பொறுத்தவரை அன்று வேறொரு தடை இருந்தது. பேறுகால மருத்துவம் கற்கவும் பார்க்கவும் அருள்சகோதரிகளுக்குத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. மகப்பேற்றின்போது ஆண் மருத்துவரை அண்டவிடாத நம் நாட்டுப் பெண்கள் அத்தடையின் விலையைத் தம் உயிரால் கொடுத்தார்கள். மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரனும் அவர் தூண்டுதலால் மருத்துவம் பயின்ற அன்னா டெங்கலும் இதை உரோமைக்கு எடுத்துரைத்துக்கொண்டே இருந்தார்கள். 1936 பிப்ரவரியில் உரோமை வெளியிட்ட அறிவுரையால் தடை நீங்கியது. குண்டூரில் பணியாற்றிய ஆஸ்திரேலிய மருத்துவரும் துறவியுமான மேரி குளோரி அம்மையார், 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரு சங்கமாக இணைத்தார்.

மருத்துவமனையில் செவிலியரை நாம் 'சிஸ்டர்' என்று விளிப்பது அந்நாள்களின் மிச்சம். கன்னியர் வெள்ளுடையில் நடமாடிய கூடங்களில் பிறந்த அவ்விளி, பொதுநிலைப் பெண்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப்புறத்தில் 'நர்சம்மா' என்று சொல்லுகிறவர்களும் ஊசி போடும் நேரத்தில் 'சிஸ்டர், மெதுவா' என்றுதான் கெஞ்சுகிறார்கள். சொல்லோடு ஒரு எண்ணமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதுதான் தொல்லை. அருள்சகோதரி வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர். அவருக்குச் சோறும் இருப்பிடமும் முதுமைக்காலப் பாதுகாப்பும் சபை தரும். சம்பளம் அவர் கேட்பதில்லை. அந்த அளவுகோலை, வீட்டு வாடகையும் தம்பியின் படிப்புச் செலவும் கட்ட வேண்டிய பெண்ணுக்கும் வைத்து, 'இது தொழில் அன்று, தொண்டு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். தொண்டு செய்ய விழைவோர் தாமே விரும்பிக் கொடுப்பதே தொண்டு. பிறர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் வேறு சொற்கள் உண்டு.

விடுதலைக்கு முந்தைய ஆண்டில், 1946இல், போர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அன்றைய இந்தியாவில் பதிவுபெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். பற்றாக்குறைக்கு அவர்களின் வாழ்நிலையும் ஊதியமும் காரணம் என்பதைக் குழு மறைக்கவில்லை. பிறகும் குழுக்கள் வந்தன. 1987இல் நடுவண் அரசு அமைத்த செவிலியர் உயர்நிலைக் குழுவிற்குத் தலைமை ஏற்றவர் நம் மாநிலத்தின் சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன். 1989இல் அவர்கள் அளித்த அறிக்கை பணிநேரம், குடியிருப்பு, ஊதியம், பதவி உயர்வு என ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசியது. அறிக்கைகளின் குறை நமக்கு என்றுமே இருந்ததில்லை. பணம் இல்லை என்பதே ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட விடை.

அப்படியானால் பணம் இருந்த ஆண்டுகளில் என்ன நடந்தது? இதைக் கேட்கத் தமிழகத்தின் நிதி வரலாற்றில் நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநிலக் கருவூலம் வறண்டு கிடந்தது. அரசுப் பணிகளில் புதிய ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே என்றாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஊழியரும் ஆசிரியருமாக ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதும், வேலைநிறுத்தம் அரசு ஊழியரின் உரிமை அன்று என உச்சநீதிமன்றம் ஆகஸ்டில் கூறியதும் பலருக்கு நினைவிருக்கும். வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்க நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் 2003இல் இயற்றப்பட்டது. ஆண்டின் இறுதியில் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியே அரசே ஏற்றுக்கொண்டது. 2007 தொடக்கத்தில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. இவையெல்லாம் சேர்ந்து பயன் தந்தன. 2005-06 முதல் 2008-09 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தமிழக அரசின் வருவாய்க் கணக்கு உபரியில் நின்றது. 2007-08இல் அந்த உபரி 4,500 கோடி ரூபாயை ஒட்டியிருந்தது. இடையே இரண்டு ஆண்டு சறுக்கியபின் 2011-12இலும் 2012-13இலும் மீண்டும் உபரி. ஆட்சியில் இருந்தவர்கள் மாறினார்கள். உபரி இரு தரப்பாருக்கும் வாய்த்தது. ஆகவே ஒரு கட்சியின் மீது விரல் நீட்டி இக்கட்டுரையைச் சுருக்கிவிட நமக்கு விருப்பமில்லை.

அந்த உபரி எதிலிருந்து வந்தது என்பதை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். குடிமகன் பாட்டிலுக்குக் கொடுத்த காசு ஒரு பகுதி. நிரப்பாமல் விட்ட பணியிடங்கள் ஒரு பகுதி. ஆள் குறைந்த கூடத்தில் இருவர் வேலையை ஒருவர் பார்த்து மிச்சப்படுத்தியதும் அந்தப் பெருக்கத்துக்குள் இருக்கிறது.

நல்ல செலவுகளும் அக்காலத்தில் நடந்தன, மறுப்பது நன்றிகேடு. 2006இல் கூட்டுறவு வேளாண் கடன் ஏறத்தாழ 7,000 கோடி தள்ளுபடியானபோது கரிசல் சம்சாரிகளும் மூச்சு விட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதி அவ்வாண்டே 6,000 ரூபாய் ஆயிற்று. 2008இல் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று செவிலியர் அமர்த்தப்பட்டனர். மாட்டுவண்டியில் கோவில்பட்டி வரை துடித்துக்கொண்டு போன கர்ப்பிணிகளின் காலம் அதனால்தான் முடிந்தது. தமிழகத்தின் தாய்சேய் நலப் புள்ளிகளை நாடு புகழ்ந்தது. அந்தப் புகழைச் சம்பாதித்துக் கொடுத்த இரவுநேரச் செவிலியரோ 'தொகுப்பூதியம்' என்னும் புதிய ஏற்பாட்டில் வந்தவர்கள்.

தொகுப்பூதியம் என்ற சொல்லை நம் வாசகர்களில் அரசுப்பணி செய்வோர் நன்கு அறிவார்கள். மாதம் ஒரு தொகை, அவ்வளவே. அகவிலைப்படி இல்லை, ஆண்டு ஊதிய உயர்வு இல்லை, வீட்டு வாடகைப்படி இல்லை. இத்தனை ஆண்டு பணிபுரிந்தார் என்ற பதிவுகூடப் பின்னால் பயன்படுமா என்பது ஐயம். இதற்கு எதிர்ச்சொல் 'காலமுறை ஊதியம்'. ஒரே கூடத்தில், ஒரே மருந்துத் தட்டோடு, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு மற்றொன்று. நோயாளிக்கு வேறுபாடு தெரியாது. மாத இறுதியில் அவர்களுக்கு மட்டும் தெரியும்.

உபரி ஆண்டுகள் கழிந்து, 2013-14 முதல் கணக்கு மீண்டும் பற்றாக்குறைக்குத் திரும்பிய பிறகே இவ்வேற்பாடு பெரிய அளவில் விரிந்தது. 2012இல் நிறுவப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015 ஜூனில் 7,243 செவிலியர் பணியிடங்களுக்கு மாநில அளவில் எழுத்துத் தேர்வு நடத்தியது. தேறியவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுக்குப் பின் காலமுறை ஊதியத்திற்கு மாறலாம் என்ற நம்பிக்கை. நிரந்தரச் செவிலியர் பெற்றதில் பாதிக்கும் வெகு குறைவு அத்தொகை. இத்தனைக்கும் இவர்கள் பின்வாசல் வழியே வந்தவர்கள் அல்லர். போட்டித் தேர்வில் வென்றவர்கள். தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக் கூலி சேர்த்த தாய்மார்கள், பருத்திக்காட்டை அடகு வைத்த தகப்பன்மார்கள் எல்லாம் நம் பகுதியில் மகளை நர்சிங் படிக்க வைத்தது அரசு வேலை என்ற ஒரு சொல்லை நம்பித்தான். அவ்வேலை கிடைத்தது. அதற்குரிய ஊதியம் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு முடிந்தது. 2017 நவம்பர் இறுதியில் மாநிலத்தின் பல திசைகளிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான செவிலியர் சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பணிக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள். காலியிடம் ஏற்பட ஏற்பட நிரந்தரமாக்குவோம் என்பது அரசின் நிலை. சிலர் அவ்வாறே நிரந்தரமானார்கள். மற்றவர்களுக்குத் தொகை 14,000 ஆகி, பின்பு 18,000 ஆயிற்று. இடையில் கொரோனா வந்தது. செவிலியருக்குக் கைதட்டினோம், பூத்தூவினோம். 2020இல் அப்பெருந்தொற்றுக்கென அவசரமாக அமர்த்தப்பட்ட செவிலியரில் 2,000க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியபோது, மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழியே மீண்டும் தற்காலிகப் பணி தரப்படும் என்ற விடை வந்தது.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தைப்பது ஊதியத் தொகையைவிட மற்றொன்று. தமிழக அரசு தன் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பை 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் உயர்த்தியது. நாட்டில் பல மாநிலங்கள் எண்ணிப் பார்க்காத பெருந்தன்மை அது. உயிருக்கு மதிப்பளிக்கும் மக்களாகிய நாம் மனமார வரவேற்றோம். ஆனால் பேறுகால அறையில் நின்று ஊரார் பிள்ளைகளை ஏந்திய தொகுப்பூதியச் செவிலியர், தம் பேறுகாலத்திற்குச் சம்பளத்தோடு விடுப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது. 2018இல் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, ஒப்பந்த நிபந்தனையைவிட மகப்பேறு நலச் சட்டமே மேலானது என்ற தீர்ப்பைப் பெற்றது. வழக்குத் தொடுத்தபோது வயிற்றில் இருந்த பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்.

நிதித்துறையில் இருப்போர் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு. அது எளிதில் தள்ளக்கூடியதன்று. உபரி ஓராண்டின் விளைச்சல்; ஊதியமோ முப்பது ஆண்டுச் செலவு, அதன்பின் ஓய்வூதியம். நல்ல மழை பெய்த ஆண்டின் மகசூலை நம்பி முப்பது ஆண்டுக்கு வாக்குக் கொடுக்கும் சம்சாரி எவரும் இல்லை. 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை, 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறையை 61,320 கோடி என்று காட்டியதையும் அவர்கள் நினைவூட்டுவார்கள்.

நியாயமே. ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். 2015இல் எடுக்கப்பட்ட 7,243 பேருக்கும் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் ஆண்டுக்கு ஆகும் செலவு 174 கோடிக்குச் சற்றுக் குறைவு. எவரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. 2007-08இன் உபரியோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு நான்குகூட இல்லை. (உபரி வந்த ஆண்டும் இவர்கள் பணியேற்ற ஆண்டும் வேறு, பெருமை சிறுமையை உணர்த்தவே இவ்வொப்பீடு.) மேலும், உபரியைக் கொண்டு செய்யத்தக்கவை நிரந்தர ஊதியம் மட்டுமல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டி ஒரு குடியிருப்பு கட்டுவது ஒருமுறைச் செலவு. இரவு இரண்டு மணிக்குப் பேருந்து இல்லாத காட்டூரில் பணி முடிக்கும் பெண்ணுக்கு அந்த ஓர் அறை எவ்வளவு பெரிது என்பது எட்டயபுரம் சாலையிலும் கழுகுமலைச் சாலையிலும் பயணம் செய்தவர்க்குத் தெரியும். குழந்தைக் காப்பகம், நிலுவைத் தொகை, ஓய்வூதியத்திற்கென ஒரு வைப்புநிதி, இவையும் அத்தகையவையே. நல்ல ஆண்டுகளில் இவற்றைச் செய்துவிட்டு, ஊதியத்தை ஆண்டுதோறும் வரும் வரியிலிருந்து கொடுப்பது எந்தக் கருவூலத்தையும் கவிழ்த்துவிடாது. ஊதியம் உபரிக்குக் காத்திருக்க வேண்டிய செலவே அன்று. பற்றாக்குறை ஆண்டில் 'இல்லை' என்றும், உபரி ஆண்டில் 'நாளை இல்லாமல் போகலாம்' என்றும் சொன்னால், அளக்கும் நாள் எது?

கடல்கடந்து ஓர் எடுத்துக்காட்டு. நம் மாநிலத்துச் செவிலியர் பலர் நாடிச் செல்லும் சிங்கப்பூரில், அரசு தன் வரவு செலவைக் கட்டுக்குள் வைப்பதிலும் சேமிப்பைக் காப்பதிலும் கண்டிப்பானது. அந்நாடு 2024 பிப்ரவரியில், பொது மருத்துவத் துறைச் செவிலியர் நெடுங்காலம் பணியில் நிலைத்திருந்தால் இருபது ஆண்டுக்குள் ஒரு இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை ஊக்கத்தொகை பெறும் திட்டத்தை அறிவித்தது. சில ஆண்டு பணி முடித்த வெளிநாட்டுச் செவிலியருக்கும் அதில் இடமுண்டு. இது கருணையால் மட்டும் பிறந்ததன்று. செவிலியர் வேறு நாடுகளுக்குப் போய்விடுவார்களே என்ற கவலையும் அதில் கலந்திருக்கிறது. ஆனாலும் முன்னெச்சரிக்கையுள்ள கருவூலம் செவிலியரைச் செலவாகப் பார்க்காமல் சேமிப்பாகப் பார்க்க முடியும் என்பதற்கு அது சான்று. கோவில்பட்டி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வேண்டிய கைகள் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதுவரை அரசைப் பேசினோம். நம் வீட்டையும் பேச வேண்டும். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலில், இருதரப்பும் ஒத்துக்கொண்டதாலேயே ஒரு கூலி நீதியுள்ள கூலி ஆகிவிடாது, உழைப்பவர் கண்ணியமாய் வாழப் போதுமானதாக அது இருக்க வேண்டும் என்று கற்பித்தார். 'வேறு வழியில்லாமல்தானே 7,700க்குக் கையெழுத்திட்டாய்' என்ற வாதத்துக்கு நூற்றாண்டுக்கு முன்பே சொல்லப்பட்ட மறுப்பு அது. 1981இல் இரண்டாம் யோவான் பவுல் மருத்துவ உதவி, ஓய்வு, முதுமைக்கால உறுதிப்பாடு ஆகியவற்றையும் ஊதியத்தோடு சேர்த்தே உழைப்போரின் உரிமையாக்கினார். அறுவடை செய்தோரின் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுவதை யாக்கோபு எழுதியிருப்பதை திருப்பலியில் கேட்கிறோம்.

கேட்டபின் நம் மருத்துவமனைகளுக்குத் திரும்பினால்? 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராயக் குழு அமைக்குமாறு பணித்தது. இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள இடத்திலும் 20,000க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர் சங்கம் 2011 முதல் நடத்திய போராட்டங்கள் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையில் முடிந்தன. அப்போராட்டங்களைக் கண்ட மருத்துவமனைகளில் கத்தோலிக்க நிறுவனங்களும் இருந்தன. ஞாயிறன்று ஒரே பந்தியில் நின்றவர்கள் திங்களன்று வாயிலின் இருபுறமும் நின்றார்கள்.

அருளானந்தரும் வீரமாமுனிவரும் நடந்த காமநாயக்கன்பட்டி நமக்கு அருகில் இருக்கிறது. அன்று மறைப்பணியாளர் வெறுங்காலோடு வந்தார்கள். இன்று நமக்குப் பள்ளியும் மருந்தகமும் மருத்துவமனையும் கணக்கரும் உண்டு. அவற்றின் ஆட்சிக்குழுக்களில் பொதுநிலையினரும் அமர்ந்திருக்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் வரவு மிகுதி வாசிக்கப்படுகிறது, புதிய கட்டடத்திற்கு ஒதுக்கீடு வாசிக்கப்படுகிறது, கைகள் உயர்கின்றன. இரவுப் பணிச் செவிலியரின் மாத ஊதியம் என்ன, வைப்புநிதி கட்டப்படுகிறதா, மகப்பேறு விடுப்பில் போனவர் சம்பளத்தோடு போனாரா, திரும்பி வந்தபோது அவர் இடம் அவருக்கு இருந்ததா என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேர்விடவில்லை. அந்தப் பக்கமும் கணக்கேட்டில் இருக்கிறது. வரவு மிகுதி வாசிக்கப்படும் முன் அதை வாசிக்கும்படி ஆட்சிக்குழு உறுப்பினர் எவரும் கேட்கலாம். விதி எதுவும் தடுப்பதில்லை.